பிறையின் பேராசிரியர்: ஒரு சட்டமன்ற உறுப்பினரின் 15 ஆண்டுகள்

2008 மார்ச் 8ஆம் தேதி, மலேசியப் பொதுத் தேர்தல் இரவு, பினாங்கு மாநிலத்தில் யாரும் சீக்கிரம் தூங்கவில்லை. 18 ஆண்டுகள் முதலமைச்சராக இருந்த, ஆளும் பாரிசான் கூட்டணியின் கெராக்கான் கட்சித் தற்காலிகத் தலைவர் கோ சூ கூன், மாநிலத்தை விட்டு நாடாளுமன்றம் போகும் எண்ணத்தில் பத்து காவானில் நின்றிருந்தார். எதிரே நின்றவர் எதிர்க்கட்சியான ஜனநாயக செயல் கட்சியின் (ஜசெக) ப.இராமசாமி. மேடைப் பேச்சாளராக இல்லாமல் வகுப்பறையில் இருந்து வந்தவர். வாக்கு எண்ணி முடித்தபோது இராமசாமிக்கு 23,067, கோ சூ கூனுக்கு 13,582. வித்தியாசம் 9,485. பதவியில் இருந்த ஒரு முதலமைச்சரை, தேர்தல் களத்துக்குப் புதிதான ஒரு தமிழர் வீழ்த்தினார்.

அதே நாளில் பத்து காவானுக்குள் அடங்கிய பிறை சட்டமன்றத் தொகுதியிலும் அவர் வென்றார். வெளியூரில் பேசப்பட்டது பத்து காவான் வெற்றிதான். ஆனால் அடுத்த 15 ஆண்டுகள் அவரைத் தாங்கியது பிறை. 2013இலும் 2018இலும் அவர் நின்றதும் வென்றதும் அங்கேதான். பத்து காவானை 2013இல் விட்டுக்கொடுத்தார். அங்கே ஜசெகவின் மறைந்த தலைவர் பி.பட்டுவின் மகள் கஸ்தூரி பட்டு வந்தார்.

இந்த ஆய்வுக்கு நான் எடுத்துக்கொண்டது நாடாளுமன்ற உறுப்பினர் இராமசாமியை அல்ல, சட்டமன்ற உறுப்பினர் இராமசாமியை. காரணம் இருக்கிறது. நம் ஊரில் ஒரு தமிழ்ப் பிரதிநிதியைப் பாராட்டினாலும் திட்டினாலும், அவர் கையில் உண்மையில் என்ன அதிகாரம் இருந்தது என்று யாரும் கேட்பதில்லை. அதைக் கேட்காமல் அவர் செய்ததையும் செய்யாததையும் எடை போட முடியாது. இராமசாமியின் 15 ஆண்டுகளை அந்தக் கேள்வியோடு பார்த்தால் பல விஷயங்கள் வேறு மாதிரி தெரிகின்றன.

வகுப்பறையிலிருந்து

இராமசாமி 1949இல் பேராக், சித்தியவானில் பிறந்தவர். அமெரிக்காவில் இந்தியானா, கனடாவில் மெக்கில், பிறகு மலாயாப் பல்கலைக்கழகம் என்று படித்து முனைவர் பட்டம் வரை போனார். மலேசிய தேசியப் பல்கலைக்கழகத்தில் அரசியல் பொருளாதாரம் கற்பித்துப் பேராசிரியரானார். தோட்டத் தொழிலாளர், தொழிற்சங்கம், முதலாளி, அரசு என்ற நான்கு தரப்பின் உறவைப் பற்றி அவர் ஆங்கிலத்தில் எழுதிய நூல் 1994இல் வெளிவந்தது. தோட்டத் தமிழர் ஏன் அமைப்பாகத் திரண்டும் ஏழையாகவே இருந்தார்கள் என்ற கேள்விதான் அவருடைய ஆய்வு வாழ்க்கையின் மையம்.

2005இல் அவருடைய பல்கலைக்கழக ஒப்பந்தம் புதுப்பிக்கப்படவில்லை. பிறகு சிங்கப்பூரில் தென்கிழக்காசிய ஆய்வுக் கழகத்தில் இருந்தார். இதற்கு முன்பே, இலங்கை அமைதிப் பேச்சு நடந்த காலத்தில், 2003இல், விடுதலைப் புலிகளின் இடைக்கால நிர்வாக வரைவுக்கு ஆலோசனை சொன்ன வல்லுநர்களில் ஒருவராகவும் இருந்தார். இது பிற்காலத்தில் அவருடைய எதிரிகளுக்கு ஒரு பிடிப்பாகவும், உலகத் தமிழரிடையே அவருக்கு ஒரு மதிப்பாகவும் ஆனது.

அவரை அரசியலில் தூக்கிவிட்டது ஒரு அலை. 2007 நவம்பர் 25ஆம் தேதி கோலாலம்பூரில் இந்தியர் உரிமை கேட்ட இண்ட்ராஃப் இயக்கத்தின் பேரணி. அடுத்த மாதம் அதன் தலைவர்கள் ஐந்து பேர் உள்நாட்டுப் பாதுகாப்புச் சட்டத்தில் கைதானார்கள். அவர்களில் ஒருவரான மனோகரன், கமுந்திங் தடுப்பு முகாமில் இருந்தபடியே சிலாங்கூர் கோத்தா ஆலம் ஷா சட்டமன்றத் தொகுதியில் வென்றார். அந்த ஆண்டு தமிழர் வாக்குப் போட்டது வேட்பாளர் பெயரைப் பார்த்து மட்டும் அல்ல, மனத்தில் இருந்த கொதிப்பைப் பார்த்து. 2004இல் பினாங்கில் பாரிசானின் இந்தியர் கட்சியான மஇகாவிடம் பிறை, பாகான் டாலாம் என்று இரண்டு சட்டமன்றத் தொகுதிகள் இருந்தன. 2008இல் இரண்டும் போயின. 40 பேர் கொண்ட சட்டமன்றத்தில் ஜசெக 19, அதன் தோழமைக் கட்சிகளான பிகேஆர் 9, பாஸ் 1; எதிரணியில் பாரிசானின் மலாய்க் கட்சியான அம்னோ மட்டும் 11. பாரிசானின் மற்ற கட்சிகளான கெராக்கான், மசீச (சீனர் கட்சி), மஇகா மூன்றுக்கும் பூஜ்யம்.

அலையில் வந்தவர் மீது அலை அளவு எதிர்பார்ப்பும் இருக்கும் அல்லவா? அதுதான் இராமசாமியின் முதல் சிக்கல்.

இரண்டாம் துணை முதலமைச்சர் என்ற நாற்காலி

பினாங்கில் அதுவரை ஒரே ஒரு துணை முதலமைச்சர்தான். லிம் குவான் எங் ஆட்சி 2008 மார்ச்சில் அமைந்தபோது இரண்டாவது பதவி உருவானது, அதில் இராமசாமி அமர்ந்தார். நாட்டில் எந்த மாநிலத்திலும் இந்தியர் ஒருவர் துணை முதலமைச்சர் ஆனது அதுவே முதல் முறை. அன்று பட்டர்வொர்த் பக்கம் சாப்பாட்டுக்கடை மேசைகளில் நாளிதழ் கைமாறி கைமாறிக் கசங்கியது எனக்கு நினைவிருக்கிறது. ‘நம்ம ஆளு’ என்று பெரியவர்கள் சொன்னதில் பொய் இல்லை. பல பத்தாண்டுகள் காத்திருந்தவர்களின் பெருமூச்சு அது.

பெயர் பெரிது, சரி. அதிகாரம்? பொருளாதாரத் திட்டமிடல், கல்வி, மனிதவளம், அறிவியல் தொழில்நுட்பம் ஆகியவை ஆட்சிக்குழுவில், அதாவது மாநில அமைச்சரவையில், அவர் கையில் இருந்த பொறுப்புகள். இவற்றில் கல்வியும் மனிதவளமும் கூட்டரசு அரசியலமைப்பின் ஒன்பதாவது அட்டவணைப்படி மத்திய அரசின் பொருள்கள். மாநிலத்தின் பட்டியலில் கனமாக நிற்பவை நிலம், ஊராட்சி, இஸ்லாமிய விவகாரம். அதாவது பள்ளிக்கூடத்துக்கு ஆசிரியரை அனுப்பும் அதிகாரம் மத்திய அரசு இருக்கும் புத்ராஜெயாவில். பள்ளிக்கூடம் நிற்கும் நிலத்துக்குப் பட்டா தரும் அதிகாரம் மாநில அரசு இருக்கும் கொம்தாரில். இந்த வேறுபாட்டை நம் மக்களில் நூற்றில் ஒருவருக்கும் யாரும் விளக்கிச் சொன்னதில்லை. கட்சிக்காரர்களுக்கும் சொல்லும் ஆசை இல்லை, ஏனென்றால் ‘அது என் வேலை இல்லை’ என்று வாக்காளரிடம் சொல்ல யாருக்கு மனம் வரும்?

சட்டமன்ற உறுப்பினரின் சேவை மையத்தில் ஒரு காலை நேரம் உட்கார்ந்திருந்தால் இது கண்ணுக்கு நேரே தெரியும். எங்கள் பக்கத்து வீட்டு அக்காவின் அம்மாவை ஒரு முறை அப்படி ஒரு மையத்துக்கு அழைத்துப் போனேன். எழுபது கடந்தவர், தோட்டத்தில் பிறந்தவர், கையில் குடியுரிமை இல்லாதவருக்கான சிவப்பு அடையாள அட்டை. பிளாஸ்டிக் உறைக்குள் எல்லாம் வைத்திருந்தார்: தோட்டக் கிராணி எழுதிக்கொடுத்த பழைய கடிதம், தாலி கட்டிய கோயிலின் சான்று, ஈரம் பட்டு எழுத்துக் கலைந்த பிள்ளைகளின் பிறப்புப் பத்திரங்கள். “ஐயா, நீலக் கார்டு வாங்கிக் குடுங்க, சாகறதுக்குள்ள ஒரு ஓட்டுப் போட்டுடறேன்” என்றார். மேசைக்குப் பின்னால் இருந்த தம்பி பொறுமையாகக் கேட்டுக்கொண்டார். அப்புறம் ஒரு சிபாரிசுக் கடிதம் அச்சடித்து, முத்திரை குத்திக் கொடுத்தார். அவரால் முடிந்தது அவ்வளவுதான். குடியுரிமை உள்துறை அமைச்சின் கையில். மாநிலத்தின் எந்த நாற்காலிக்கும் அதில் பங்கில்லை.

அடுத்து வந்தவர் மலிவு விலை வீட்டு விண்ணப்பம் பற்றிக் கேட்டார். அதற்கு அந்தத் தம்பி தொலைபேசியை எடுத்தார், கோப்பு எண்ணைக் கேட்டார், எந்த அதிகாரியிடம் இருக்கிறது என்று சொன்னார். வீடும் நிலமும் மாநிலத்தின் பொருள். ஒரே மேசை, ஒரே ஆள். ஒன்றில் கடிதம், இன்னொன்றில் காரியம். இராமசாமியின் 15 ஆண்டுகளையும் இந்த மேசையை வைத்துப் படிக்கலாம் என்று நான் நினைக்கிறேன்.

கம்போங் புவா பாலா

நிலம் மாநிலத்தின் கையில் என்றேன். அந்த நிலத்திலேயே அவருக்கு மிகப் பெரிய அடி விழுந்தது, அதுவும் பதவிக்கு வந்து ஓராண்டு கழிந்த கையோடு.

குளுகோர் பக்கம் கம்போங் புவா பாலா ஒரு தமிழ்க் கிராமம். பிரவுன் குடும்பத்தின் பழைய தோட்டத்தில் வேலை செய்தவர்களின் வழி வந்தவர்கள், மாடு வளர்த்துப் பால் கறந்து வாழ்ந்தவர்கள். சுற்றிலும் அடுக்குமாடிகள் முளைத்த பிறகும் அங்கே மட்டும் மாடு மேய்ந்தது. பொங்கலுக்கு மாட்டுக்கொம்பில் வண்ணம் தீட்டுவதைப் பார்க்க வெளியூரிலிருந்து ஆட்கள் வருவார்கள். மாடுகள் அதிகம் என்பதால் தொலைக்காட்சியில் வந்த மேற்கத்திய மாட்டுப்பண்ணைத் தொடரின் பெயரால் ‘ஹை சப்பரல்’ என்றும் அதை அழைத்தார்கள்.

முந்தைய ஆட்சி 2004இல் அந்த நிலத்தை அரசு ஊழியர் கூட்டுறவுச் சங்கம் ஒன்றுக்கு ஒதுக்க முடிவெடுத்தது. அங்கிருந்து மேம்பாட்டு நிறுவனத்தின் திட்டத்துக்குப் போனது. கிராமத்தார் வழக்குப் போட்டார்கள். கூட்டரசு நீதிமன்றம் வரை போய் 2009இல் தோற்றார்கள். அதே ஆண்டு செப்டம்பரில் வீடுகள் இடிக்கப்பட்டன.

புதிய ஆட்சி சொன்னது: நிலத்தை விற்றது நாங்கள் அல்ல, நீதிமன்றத் தீர்ப்பு வந்துவிட்டது, இழப்பீடாக இரண்டு மாடி வரிசை வீடுகளுக்கு ஏற்பாடு செய்கிறோம். குடும்பங்களில் ஒரு பகுதி ஒப்புக்கொண்டது, ஒரு பகுதி மறுத்தது. மறுத்தவர்களும் இண்ட்ராஃப்பும் கேட்டது: நிலம் மாநிலத்தின் பொருள் என்றால், நில எடுப்புச் சட்டத்தின் கீழ் அதைத் திரும்ப எடுக்க உங்களுக்கு அதிகாரம் இருக்கிறதே, ஏன் எடுக்கவில்லை?

இந்தக் கேள்வி நியாயமானது. திரும்ப எடுத்திருந்தால் சந்தை விலைக்கு ஈடு கொடுத்திருக்க வேண்டும், பினாங்குத் தீவில் நிலத்தின் விலை எல்லோருக்கும் தெரியும். ஆக, அதிகாரம் இருந்தது. பணம் கொடுக்க ஆட்சிக்கு மனமோ வசதியோ இல்லை. அதை அப்படியே மக்கள் முன் வைத்திருக்கலாம். மாறாக, ‘எங்களால் ஒன்றும் செய்ய முடியாது’ என்ற தொனியில் பேசப்பட்டது. இது வேறு, அது வேறு. இந்த வேறுபாட்டைத் தமிழ் மக்களிடம் எடுத்துச் சொல்ல வேண்டிய இடத்தில் இருந்தவர் இராமசாமி. தோட்டத் தொழிலாளர் குடியிருப்பிலிருந்து வெளியேற்றப்படுவதன் அரசியலை ஆய்வு செய்தவர் நாட்டில் ஒருவர் உண்டென்றால் அவர்தான். அவர் ஆட்சியின் பக்கம் நின்று பேச வேண்டியதாயிற்று. அன்று அவருக்கு எதிராக இருந்தவர்கள் எல்லோரும் பாரிசான் ஏவிய ஆட்கள் அல்ல. ஓராண்டுக்கு முன் அவருக்காகச் சுவரொட்டி ஒட்டியவர்களும் அதில் இருந்தார்கள்.

இதில் நான் அவரைக் குற்றவாளியாக்கவில்லை. ஆட்சிக்குழுவின் கூட்டுப் பொறுப்பு என்று ஒன்று உண்டு. உள்ளே எதிர்த்துப் பேசியவர்கூட வெளியே வந்து முடிவைக் காக்க வேண்டும். ஆனால் ஒரு பேராசிரியரின் குரலுக்காக வாக்களித்த மக்கள், அவர் ஒரு ஆட்சியின் குரலாக மாறியதை முதன்முதலில் கண்டது புவா பாலாவில்தான். அந்தக் காயம் ஆறினாலும் தழும்பு நின்றுவிட்டது.

பள்ளி நிலமும் ஆண்டு மானியமும்

பினாங்கில் 28 தமிழ்ப்பள்ளிகள். பல பள்ளிகள் நிற்பது தோட்ட நிறுவனத்தின் அல்லது தனியாரின் நிலத்தில். நிலம் அரசுடையது இல்லை என்றால் பள்ளி ‘பகுதி உதவி’ பெறும் பள்ளி. ஆசிரியர் சம்பளம் வரும்; கூரை ஒழுகினால் வாரியமும் பெற்றோரும் பணம் திரட்ட வேண்டும். தமிழ்ப்பள்ளியின் ஏழ்மைக்கு இந்த ஒரு விதி எவ்வளவு காரணம் என்பதை வாரியத்தில் இருந்தவர்கள் அறிவார்கள்.

மாநிலத்தின் கையில் நிலம் இருப்பதால், இங்கே ஒரு ஆட்சிக்குழு உறுப்பினரால் மெய்யாகவே காரியம் செய்ய முடியும். 2008க்குப் பிறகு பினாங்கு அரசு தமிழ்ப்பள்ளிகளுக்கு ஆண்டுதோறும் மானியம் ஒதுக்கத் தொடங்கியது. மத்திய அரசின் பொறுப்பான ஒன்றுக்கு மாநிலம் தன் பணத்தைக் கொடுத்தது. தமிழ்ப்பள்ளிகளுக்கென ஒரு சிறப்புக் குழுவும் அமைந்தது. பாலர் பள்ளிகளுக்கும் உதவி போனது. பெரிய தொகை இல்லை என்று சிலர் சொல்வார்கள். பள்ளி வாரியக் கூட்டத்தில் ஒரு கழிப்பறையைப் பழுதுபார்க்க மூன்று மாதம் டிக்கெட் விற்றவர்களிடம் போய் அதைச் சொல்லட்டும். ஒவ்வொரு ஆண்டும் வரும் என்று தெரிந்த பணம், எவ்வளவு சிறியதானாலும், திட்டம் போட வைக்கும்.

தமிழ் இடைநிலைப்பள்ளிக் கனவு மட்டும் நிறைவேறவில்லை. இராமசாமி அதை விடாமல் பேசினார். மாநிலம் ஆர்வம் காட்டியது. அனுமதி கல்வி அமைச்சின் கையில், அது கிடைக்கவில்லை. மறுபடியும் அந்த மேசைதான்: கடிதம் போனது, காரியம் நடக்கவில்லை.

ஜார்ஜ்டவுன் பாரம்பரிய வட்டாரத்தில் தெருப்பெயர்ப் பலகைகளில் தமிழும் ஏறியது இந்த ஆட்சியில்தான். சிறு விஷயம் போலத் தோன்றலாம். அந்தத் தெருக்களில் மூட்டை சுமந்தவர்களின் பேரப்பிள்ளைகளுக்கு அது சிறிதில்லை.

அறப்பணி வாரியம்

இராமசாமியின் காலத்தை ஓர் இடத்தில் தொட்டுப் பார்க்க வேண்டும் என்றால் தண்ணீர்மலைக்குப் போக வேண்டும்.

பினாங்கு இந்து அறப்பணி வாரியம் ஆங்கிலேயர் காலத்து 1906ஆம் ஆண்டுச் சட்டத்தில் வேர் கொண்டது. கோயில்கள், மயானம், வாடகை வீடுகள், அறக்கட்டளை நிலங்கள் அதன் பொறுப்பில். மற்ற மாநிலத் தமிழருக்கு இப்படி ஓர் அமைப்பு இல்லை. கோயில் நிர்வாகத்தில் தகராறு வந்தால் அங்கே நேரே நீதிமன்றம், அல்லது சங்கப் பதிவிலாகா. இங்கே ஒரு வாரியம் உண்டு, அதன் உறுப்பினர் நியமனத்தில் மாநில ஆட்சிக்குக் கை உண்டு. அதாவது ஒரு தமிழ் ஆட்சிக்குழு உறுப்பினர் கடிதம் எழுதிவிட்டுக் காத்திருக்கத் தேவையில்லாத அபூர்வமான இடம். இராமசாமி அதன் தலைவரானதும் அங்கே முழு மூச்சாக இறங்கியதும் எனக்கு வியப்பாக இல்லை. வேறு எங்கே போனாலும் அவருக்குக் கிடைத்தது பாதி அதிகாரம். இங்கே முழுசாக ஒன்று கிடைத்தது.

மலை மேல் அருள்மிகு பாலதண்டாயுதபாணி ஆலயத்தின் புதிய கட்டடம் 2012இல் குடமுழுக்குக் கண்டது. 513 படிகள். முழங்கால் வலிக்காரர்கள் பாதியில் உட்கார்ந்து மூச்சு வாங்கிக்கொண்டு, கீழே ஊரையும் கடலையும் பார்த்துவிட்டு ஏறுவார்கள். வாரியத்தின் வழியாக உயர்கல்வி மாணவர்களுக்கு ஆண்டுதோறும் உதவித்தொகையும் போனது. கோயில் உண்டியல் பணம் பல்கலைக்கழகக் கட்டணமாவது நல்ல மரபு. அதை விரிவாக்கியவர்களுக்கு நன்றி சொல்ல வேண்டும்.

அப்புறம் தங்க ரதம். 1894 முதல் நகரத்தார் எனப்படும் செட்டியார் சமூகத்தின் வெள்ளி ரதம் பினாங்குத் தைப்பூசத்தின் முகம். காரைக்குடியில் செய்து கப்பலேறி வந்தது, காளைகள் இழுப்பது. 2017 தைப்பூசத்தில் வாரியம் தன் தங்க ரதத்தை இறக்கியது. குயின் தெரு மாரியம்மன் கோயிலிலிருந்து வேலைத் தாங்கி, பக்தர்கள் கையால் இழுத்துக்கொண்டு தண்ணீர்மலைக்குப் போகும் ரதம். வழியெங்கும் மலை மலையாகத் தேங்காய் குவித்து உடைக்கும் சீனர்கள் அன்று இரண்டு ரதத்துக்கும் உடைத்தார்கள். அவர்களுக்குச் சண்டை இல்லை.

சண்டை நமக்குள் வந்தது. எது முன்னால் போவது, வேல் எதில் வருவது, நூறாண்டு மரபை வாரியம் உடைக்கிறதா, அல்லது எல்லாத் தமிழருக்கும் உரிய விழாவை ஒரு சமூகத்தாரின் பொறுப்பில் மட்டும் விட்டுவைத்திருந்தது தவறா என்று வீட்டு வரவேற்பறைகளிலும் வாதம் நடந்தது. இரண்டு பக்கமும் சொல்வதற்கு இருந்தது. வாரியத்தின் தரப்பில் ஒரு வலுவான நியாயம் உண்டு: பொதுமக்கள் காணிக்கையில் ஓடும் ஆலயத்துக்குப் பொதுமக்களின் ரதம். ஆனால் நகரத்தார் இந்த விழாவைப் பொன்போல் காத்து நமக்குக் கொடுத்தவர்கள். அவர்களை முன்னால் அமர்த்திப் பேசி, இரண்டு ரதமும் ஒரே ஊர்வலமாகப் போக வழி கண்ட பிறகு தங்க ரதத்தை இறக்கியிருந்தால், இராமசாமியின் பேர் இந்த விஷயத்தில் இன்னும் உயரமாக நின்றிருக்கும். நல்லதைச் செய்யும் அவசரத்தில் மனிதர்களைக் கூட்டிச் செல்ல மறந்துவிடுவது அவருடைய ஒரு குறை என்றே படுகிறது.

குரல்

கட்சி மேடையிலும் பத்திரிகையிலும் இராமசாமி அடங்கிப் பேசியவர் இல்லை. 2018இல் அவருடைய கூட்டணி புத்ராஜெயாவைப் பிடித்தது. பினாங்கில் 40இல் 37 இடம். முதலமைச்சராக சோவ் கோன் இயோவ் வந்தார், இராமசாமி தன் நாற்காலியில் தொடர்ந்தார். இனி ‘மத்திய அரசு தடுக்கிறது’ என்று சொல்ல முடியாத நிலை. 2019இல் தாய்மொழிப் பள்ளிகளில் ஜாவி எழுத்தை (அரபு வடிவ மலாய் எழுத்து) கற்பிக்கும் விவகாரம் வந்தபோது, தன் கட்சி அங்கம் வகித்த ஆட்சியையே அவர் வெளிப்படையாக எதிர்த்தார். புவா பாலாவில் காணாத இராமசாமியை மக்கள் அங்கே மறுபடி கண்டார்கள்.

அந்தக் குரலுக்கு விலையும் கொடுத்தார். மதபோதகர் ஜாகிர் நாயக் தொடுத்த அவதூறு வழக்குகளில், 2023 நவம்பரில் உயர் நீதிமன்றம் இராமசாமி 15 லட்சத்து 20 ஆயிரம் ரிங்கிட் கொடுக்க உத்தரவிட்டது. பொதுமக்களிடம் நன்கொடை கேட்டார். கொடுத்தார்கள். பத்து வெள்ளி, இருபது வெள்ளி என்று அனுப்பியவர்களை எனக்குத் தெரியும். கட்சி அட்டை இல்லாதவர்கள், அவரைத் தேர்தலில் திட்டியவர்களும்கூட. பதவியில் இல்லாத ஒருவருக்கு மக்கள் அப்படிக் கொடுப்பது சும்மா நடக்காது.

தொகுதி யாருடையது

2023 ஆகஸ்டு 12ஆம் தேதி மாநிலத் தேர்தல். வேட்பாளர் பட்டியலில் இராமசாமி பெயர் இல்லை. பிறைக்கு சுந்தரராஜு சோமு. தேர்தலுக்கு இரண்டு நாள் இருக்கும்போது இராமசாமி ஜசெகவிலிருந்து விலகினார். தேர்தல் முடிந்தது, பிறை ஜசெகவிடமே இருந்தது. இரண்டாம் துணை முதலமைச்சர் ஆனவர் டத்தோ கெராமாட் உறுப்பினர் ஜக்டீப் சிங் டியோ.

மூன்று முறை வென்றவர், 15 ஆண்டு துணை முதலமைச்சர். அவர் பெயரை எடுத்துவிட்டு வேறு பெயரை வைத்தும் தொகுதி அசையவில்லை. அவர் செல்வாக்கு இழந்துவிட்டார் என்று இதை விளக்குகிறவர்கள் உண்டு. நான் அப்படிப் பார்க்கவில்லை. பிறை வாக்காளரில் தமிழர் கணிசம். ஆனால் பெரும்பான்மை இல்லை. நாட்டில் எந்தத் தொகுதியிலும் தமிழர் பெரும்பான்மை இல்லை. ஆகவே ஒரு தமிழ் வேட்பாளர் கட்சி அல்லது கூட்டணியின் சின்னத்தால்தான் வெல்கிறார். சீன, மலாய் வாக்காளர் அந்தச் சின்னத்துக்குப் போட்ட வாக்கு அது. மஇகா காலத்தில் பாரிசானின் தராசுச் சின்னம் செய்ததும் இதுதான். கூட்டணி மாறியது, ஏற்பாடு மாறவில்லை. எந்தத் தமிழ்ப் பிரதிநிதியும் தனக்கென ஒரு தொகுதியைச் சொந்தமாக்கிக்கொள்ள முடியாது. அவருக்கு இருப்பது பதவிக்காலம் மட்டும். அந்தக் காலத்தில் எதை அமைப்பாக நிறுத்தினாரோ, அது அவர் போன பிறகும் நிற்கும். எதைத் தன் குரலால் மட்டும் தாங்கினாரோ, அது அவரோடு போய்விடும்.

ஆண்டு மானியம் நிலைத்தது. சிறப்புக் குழு நிலைத்தது. துணை முதலமைச்சர் நாற்காலி நிலைத்தது, வேறு ஒருவர் அதில் அமர்ந்தாலும். மலைக்கோயில் நிற்கிறது. இடைநிலைப்பள்ளிக் கனவைப் பேச இப்போது ஆள் குறைவு.

இதை முன்கூட்டியே அறிந்திருக்க வேண்டியவர் இராமசாமிதான். தமிழ்த் தொழிலாளர் எந்தச் சங்கத்தைக் கட்டினாலும் அதன் சாவி ஏன் வேறு யார் கையிலோ போய்விடுகிறது என்பதை ஆராய்ந்தவர் அவர். 15 ஆண்டில் பிறையில் தனக்கு அடுத்த வரிசையில் நான்கு இளைஞர்களைத் தயார் செய்து, கட்சி யாரை நிறுத்தினாலும் அந்த நால்வரில் ஒருவரைத்தான் நிறுத்த வேண்டும் என்ற நிலையை உண்டாக்கியிருக்கலாம். அதை அவர் செய்யவில்லை என்பதுதான் எனக்கு அவர் மேல் உள்ள பெரிய வருத்தம். புவா பாலாவைவிட, தங்க ரதத்தைவிட.

பிறகு

2023 முடிவதற்குள் ‘உரிமை’ என்ற பெயரில் கட்சி தொடங்கினார். சங்கப் பதிவிலாகா பதிவு தர மறுத்தது. பதிவில்லாமல் சின்னம் இல்லை. சின்னம் இல்லாமல், மேலே சொன்ன கணக்குப்படி, பிறை போன்ற தொகுதியில் எதுவும் நடக்காது.

2025 ஜனவரி 14ஆம் தேதி பட்டர்வொர்த் செஷன்ஸ் நீதிமன்றத்தில், அறப்பணி வாரியப் பணம் தொடர்பாக நம்பிக்கை மோசடி என்று 17 குற்றச்சாட்டுகள் அவர் மீது சுமத்தப்பட்டன. தொகை சுமார் 8 லட்சத்து 60 ஆயிரம் ரிங்கிட். எல்லாவற்றையும் மறுத்து விசாரணை கோரினார். குற்றச்சாட்டு தீர்ப்பு அல்ல. அதைப் பற்றிச் சாப்பாட்டுக்கடையில் தீர்ப்பு எழுதுகிறவர்களோடு நான் சேரவில்லை, அவருடைய ஆதரவாளர் என்று அதற்கு முன்கூட்டியே விடுதலை எழுதவும் மாட்டேன்.

ஆனால் ஒன்றைச் சொல்லலாம். அறப்பணி வாரியத்தின் கணக்கும் முடிவும் ஆண்டுதோறும் தமிழில், பக்தர்கள் படிக்கிற மாதிரி, கோயில் வாசலில் ஒட்டப்பட வேண்டும். யார் தலைவராக இருந்தாலும். ரதத்துக்கு எவ்வளவு வந்தது, எதற்குப் போனது, எந்த வீட்டின் வாடகை எவ்வளவு, எந்த மாணவனுக்கு எவ்வளவு. அந்தப் பணம் போட்டவர்களுக்கு அதைப் படிக்கும் உரிமை இருக்கிறது.

இன்றைக்கும் அவர் எழுதுகிறார், பேசுகிறார். 75 வயதைக் கடந்துவிட்டார். அவரிடம் நான் எதிர்பார்ப்பது இன்னொரு கட்சியை அல்ல. 2008 முதல் 2023 வரை ஆட்சிக்குழு மேசைக்கு வந்த தமிழர் விவகாரங்களை, சட்டம் எவ்வளவு அனுமதிக்கிறதோ அவ்வளவு, தமிழில் எழுதித் தர வேண்டும். புவா பாலாவில் நில எடுப்பு பற்றி உள்ளே என்ன பேசப்பட்டது? எந்தப் பள்ளி நிலத்தின் பட்டா எந்த இடத்தில் எத்தனை ஆண்டு நின்றது? இடைநிலைப்பள்ளிக்கு எழுதியவற்றுக்கு என்ன பதில் வந்தது? பிறைக்கு வந்திருக்கும் புதிய உறுப்பினருக்கும், பாகான் டாலாமில் இருப்பவருக்கும், நாளை நிற்கப்போகும் பிள்ளைகளுக்கும் அந்தப் பதிவு கையில் வேண்டும். உள்ளே உட்கார்ந்து பார்த்த தமிழ் ஆய்வாளர் நமக்கு அவர் ஒருவர்தான் இருக்கிறார்.